இருபத்திரண்டு நிமிட இருட்டு

என் மச்சான் மீது மொட்டைக் கடிதம் போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கேயாவது ஒளித்து வைத்திருந்து கடைசியில் எடுத்துக் காட்டினால் உங்களுக்கும் என் மேல் சந்தேகம் வந்துவிடும். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு நான் பட்ட பாடே போதும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எனக்கு இரண்டு வயது மூத்தவர். மின்வாரியத்தில் இருவருக்கும் ஒரே சப்ஸ்டேஷன், பத்தொன்பது வருஷமாக ஒரே ஜோடி. என் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் தங்கையை எனக்குக் கொடுத்தார். "கம்பத்துல அவசரப்படாதவன் வீட்லயும் அவசரப்பட மாட்டான்" என்று மாமியாரிடம் சொன்னாராம். பாவம், மனுஷர் கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

முன்பு முறை வைத்து ஏறுவோம், ஒருவர் கம்பத்தில் என்றால் மற்றவர் ஸ்விட்ச் அறையில். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விபத்தில் வலது கை வெந்து, இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அதிலிருந்து அவர் கீழே ஸ்விட்ச் அறையில், நான் மேலே கம்பத்தில். அவர் லைனை அணைத்தால் நான் ஏறுவேன். நான் இறங்கிவிட்டேன் என்று சொன்னால் அவர் போடுவார். அவருக்கும் எனக்கும் நடுவில் சில கிலோமீட்டர் தூரமும் ஒரு போனும்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்விட்ச் அறையில் இருப்பவர், "நாலாம் நம்பர் லைன் அணைச்சாச்சு, பூட்டியாச்சு, சாவி என் பையில" என்று சொல்வார். மேலே ஏறப்போகிறவன் அதற்கு "ம்" என்றோ "ஆகட்டும்" என்றோ சொல்லக்கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, சொந்தச் சரக்கு சேர்க்கவே கூடாது. அதைக் கேட்டுவிட்டு, முதலில் சொன்னவர் "சரி" என்பார். அதற்குப் பிறகுதான் கம்பியில் கை வைக்கலாம். சரியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை கேட்டவனுக்குக் கிடையாது, சொன்னவருக்குத்தான். இந்த வழக்கத்தால்தான் நான் இன்றைக்கும் முழுசாக இருக்கிறேன்.

தேர்தல் வந்தது. நான் பழைய ஆளுங்கட்சி. சும்மா ஓட்டுப் போடுகிறவன் அல்ல, கொடி கட்டுகிறவன், நாற்காலி அடுக்குகிறவன், வீடு வீடாகப் போய்க் கும்பிடுகிறவன். மச்சான் இந்தத் தடவை எதிர்க்கட்சி. அவர் கட்சி ஜெயித்தால் மின்வாரியத்தைத் தனியாருக்குக் கொடுத்துவிடும் என்று ஊரே பேசிக்கொண்டது. தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்கிற ஆளை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

பிரசாரத்தின் கடைசி நாள். மைதானத்தில் எங்கள் கூட்டம். எங்கள் வேட்பாளர் மைக்கைப் பிடித்து, "உங்கள் வீட்டில் விளக்கு எரிகிறதே, அதற்குக் காரணம் யார்?" என்று கேட்டார். அந்த நொடி பார்த்து விளக்கு அணைந்தது. மைதானம் முழுக்க ஒரே கும்மிருட்டு, ஒரே சிரிப்பு. இருபத்திரண்டு நிமிஷம். மறுபடி வெளிச்சம் வந்தபோது பாதி நாற்காலி காலி. இருநூற்றுப் பதினாலு ஓட்டில் தோற்றோம். அன்று ஸ்விட்ச் அறையில் இருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஒன்று என் காதிலேயே நின்றது. நான் ராத்திரி வேலை முடித்துவிட்டு வந்து, போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். மச்சான் வந்திருந்தார். சமையலறையில் தங்கையிடம் ஏதோ பொருமிக்கொண்டிருந்தவர், "இவங்களை ஒருநாள் இருட்டுல நிக்க வெக்கிறேன் பாரு, நான் நின்ன மாதிரி" என்றார். நான் தூங்குகிறேன் என்று இருவருக்கும் நினைப்பு. தூங்கித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடிவு வந்த மறுநாள் காலை எனக்குத் தலைக்கு மேல் கோபம். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவளுடைய அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். இடது கையால் எழுதினேன். இன்னார், இன்ன தேதியில், வேண்டுமென்றே லைனை அணைத்தார், முன்கூட்டியே இப்படிப் பேசியும் இருக்கிறார் என்று எழுதி, அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாமல் சேர்த்தேன். அது இருந்தால்தான் கடிதம் எடுபடும் என்று தோன்றியது. வேறு பேட்டைக்கு நடந்து போய்த் தபாலில் போட்டேன். திரும்பி வரும் வழியிலேயே போய் எடுத்துவிடலாமா என்று நின்றேன். ஆனாலும் போட்டது போட்டதுதான். தபால் பெட்டிக்குள் கை விட முடியாது.

மூன்றே நாளில் மச்சானை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுவரை "மாப்ளே, நீ வா, நீ போ" என்று பேசியவர், அன்று "நீங்க சாப்பிட்டாச்சுன்னா வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றார். அந்த 'நீங்க'வைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் கண்கொத்திப் பாம்பாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தங்கையின் போனை எடுப்பதில்லை. வீட்டுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அவள் அவருக்கென்று தைத்த சட்டையை, போட்டுக்கூடப் பார்க்காமல், டிரைவர் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். எங்கள் வேன் டிரைவருக்குத் 'தந்தி' என்று பட்டப்பெயர். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. எங்களுக்குள் இப்போது எல்லாமே தந்தி வழியாகத்தான். "ஏணி எடுத்துக்கச் சொல்லுப்பா", "எடுத்தாச்சுன்னு சொல்லுப்பா." நாங்கள் மூவரும் இரண்டடி இடைவெளியில்தான் நின்றுகொண்டிருப்போம்.

லைன் விஷயம் மட்டும் தந்தி வழியாகப் போக முடியாது. போனில் அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், அவர் 'சரி' என்பார். எல்லாம் பழையபடிதான். ஆனால் மேலே ஏறிய பிறகு கை கம்பியைத் தொட மறுத்தது. இவர் நிஜமாகவே அணைத்தாரா? மறந்துபோய்ப் போட்டேன் என்று நாளைக்குச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? விரல் மடங்காத ஆள், கை தவறிவிட்டது என்றால் எல்லோரும் அவருக்காகத்தான் இரக்கப்படுவார்கள். டெஸ்டரை வைத்து ஒரு தடவை பார்ப்பேன். இறங்கி வந்து இன்னொரு டெஸ்டரால் பார்ப்பேன். மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் சங்கிலியை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டுவேன். பன்னிரண்டு நிமிஷ வேலைக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. கீழே தெருக்காரர்கள், "அண்ணே, மேலேயே குடித்தனம் போயிட்டீங்களா?" என்று கத்துவார்கள்.

ஒரு வியாழக்கிழமை நாலாம் நம்பர் லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அவர் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். 'சரி' வரவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். மூன்றாவது நொடியில்தான் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சரி ஒருநாளும் தாமதித்ததில்லை. பாதிக் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டேன்.

"என்னால முடியாதுன்னு சொல்லு" என்றேன் தந்தியிடம்.

"காரணம் கேட்டா?"

"தலை சுத்துதுன்னு சொல்லு."

"நிஜமாவே சுத்துதா, இல்ல..." என்று இழுத்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். இவனும் ஒற்றனா என்று அவன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தத் தெருவுக்குச் சாயங்காலம் வரை மின்சாரம் இல்லை. மறுநாள் காலை இன்ஜினியரம்மா என்னைக் கூப்பிட்டார். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குரலை உயர்த்தாத ஆள். உயர்த்துகிறவர்களிடம் எனக்குப் பயமில்லை. முன்னால் ஒரு தாளைத் தள்ளினார். என் வேலைகள், தேதி, ஆன நேரம்.

"தேர்தலுக்கு முன்னாடி பன்னெண்டு நிமிஷம். இப்ப ஐம்பது."

"வயசாகுது மேடம்."

"மூணு வாரத்துலயா?"

தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"உங்க ஜோடி மட்டும் இல்ல. எல்லா ஜோடியும் இப்படித்தான் இருக்கு. ஆளுக்கொரு கட்சியா இருக்கிற ஜோடி எல்லாம். எவனாவது ஒருத்தன் கம்பத்துலேருந்து விழுந்த பிறகு நான் கூட்டம் போட விரும்பல. இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு நீங்களும் உங்க மச்சானும் ஓய்வறையில உக்காருங்க. ஏன் அப்படி ஓட்டுப் போட்டீங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க."

"ஓட்டு ரகசியம் மேடம்."

"உங்க வண்டியில கொடி, சட்டைப் பையில படம், போன் அடிச்சா கட்சிப் பாட்டு. இதுல என்ன ரகசியம்?"

"பேசினா சண்டைதான் வரும்."

"பேசறதைவிடக் கேக்கறதுதான் முக்கியம். ஒருத்தர் பேசணும். மத்தவர் குறுக்க பேசாம கேட்டுட்டு, லைன் விஷயத்துல பண்ற மாதிரி, அப்படியே திருப்பிச் சொல்லணும். அவர் 'சரி'ன்னு சொன்னாத்தான் உங்க முறை. புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம். தினமும் பண்றதுதான்."

வெளியே வந்ததும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இது பேச்சுவார்த்தை இல்லை, பொறி. கடிதம் எழுதியவனைப் பிடிக்க அம்மணி வலை விரிக்கிறார். நான் ஏதாவது உளறினால் போதும், வாரியத்தில் என் சீட்டு கிழிந்துவிடும். போதாததற்குத் தந்தி பின்னாலேயே வந்து காதைக் கடித்தான். "உங்க மச்சான் விசாரணைக்கு எழுத்துல பதில் கொடுக்கணுமாம். இன்னைக்கு அஞ்சு மணிதான் கெடு. வேலை போனாலும் போயிடுமாம்ணே."

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த சட்டை ஆணியில் தொங்கியது. இன்றைக்கு அண்ணனோடு உட்கார்ந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றதும் காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு கேளுங்க. கட்சிச் சண்டை உங்களோட போச்சு. என்கிட்ட என்ன கோபம்? பதினேழு தடவை போன் பண்ணிட்டேன். செத்துட்டேன்னு சேதி வந்தாத்தான் எடுப்பாராமா?"

"ஜெயிச்ச திமிரு. வேறென்ன?" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையைப் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. தட்டில் இருந்ததை அள்ளிப் போட்டு அதை உள்ளே தள்ளிவிட்டேன்.

மூன்று மணிக்கு ஓய்வறைக்கு முதல் ஆளாகப் போனேன். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். பூட்டாத அலமாரியைத் திறந்து, பழைய கையுறைகளை எல்லாம் உதறிப் பார்த்தேன். பேச்சைப் பதிவு செய்கிற கருவி எதுவும் கிடைக்கவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் மச்சான் நின்றிருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"டெஸ்டர்."

"சட்டைப் பையில இருக்கு" என்றார். ஆமாம், இருந்தது.

இரண்டு டம்ளர் டீ வந்தது. அவர் குடிக்கும் வரை நான் குடிக்கவில்லை. சிரிக்காதீர்கள், அன்றைக்கு என் புத்தி அப்படித்தான் இருந்தது. இன்ஜினியரம்மா வெளியே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டார். முதுகைக் காட்டுவதும் ஒரு தந்திரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் நான் பேசினேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. "உங்க கட்சி வந்தா வாரியத்தைத் தனியாருக்குக் கொடுப்பாங்க. ஒப்பந்தக்காரன் வருவான். எனக்கு ஐம்பத்தொண்ணு வயசு. கம்பம் ஏறறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. என்னை வாசல்ல நிக்க வெச்சு, சின்னப் பசங்களை உள்ள கூப்பிடுவான். இதெல்லாம் தெரிஞ்சும் நீங்க அவங்களுக்குப் போட்டீங்க. கூட வேலை பார்க்கிறவனுக்குப் பண்ற துரோகம் இது. அதனாலதான் நான் எங்க கட்சிக்குப் போட்டேன்."

மச்சான் டம்ளரைப் பார்த்தபடி கேட்டார். பிறகு திருப்பிச் சொன்னார். ஒப்பந்தக்காரன், ஐம்பத்தொன்று, வாசல், துரோகம், ஒன்றையும் விடவில்லை. துரோகம் என்ற சொல்லைக்கூட முகம் சுளிக்காமல், ஏதோ லைன் நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னார். கடைசியில், "பயமா இருக்குன்னு நீங்க சொல்லல. அதனால நானும் சொல்லல. சரியா?" என்றார்.

"அது சொந்தச் சரக்கு."

"எடுத்துட்டேன். மத்ததெல்லாம் சரியா?"

"சரி." என் பேச்சை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் இலேசாகவும் இருந்தது.

அடுத்து அவர். மடங்காத விரல்களை மேஜை மேல் வைத்தார்.

"கை போன பிறகு என்னைக் கம்பத்துக்கு அனுப்பாதீங்க, ஸ்விட்ச் அறை வேலை மட்டும் கொடுங்கன்னு மனு போட்டேன். உங்க கட்சி வட்டாரத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்னாங்க. நீங்க, 'மச்சான், நான் பேசறேன், நீ போய் நில்லு'ன்னு சொன்னீங்க. போய் நின்னேன். நாலு நாள். காலையில போனா ராத்திரி வரைக்கும் அவர் வீட்டு கேட்டுக்கு வெளிய. உள்ள விளக்கு எரியும், நான் இருட்டுல நிப்பேன். கையில கட்டு. ஒருத்தன் தண்ணி வேணுமான்னு கேக்கல. நீங்க பேசவே இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது. தொழிற்சங்கச் செயலாளர் பதவிக்கு அப்ப நீங்க அவரைத்தான் நம்பி இருந்தீங்க. ரெண்டு உதவி கேக்க வேண்டாம்னு விட்டுட்டீங்க. கடைசியில எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன்தான் வேலையை முடிச்சுக் கொடுத்தான். அதனால அவன் கட்சிக்குப் போட்டேன். தனியாருக்குக் கொடுக்கறதுல எனக்கும் சம்மதம் கிடையாது."

என் காது சூடாகிவிட்டது. திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். மனு, கேட், நாலு நாள், இருட்டு, எதிர்க்கட்சிக்காரன். "சரியா?"

"இல்ல. ஒண்ணு விட்டுட்டீங்க."

மறுபடி சொன்னேன். தண்ணீரைச் சேர்த்தேன்.

"இன்னும் வரல."

எது வரவில்லை என்று இருவருக்கும் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முதுகு அசையவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "நான் பேசறேன்னு சொன்னேன். பேசல. பதவி ஆசையில விட்டுட்டேன்."

"சரி" என்றார். இந்தச் சரி உடனே வந்தது.

எழுந்துவிடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். "உக்காருங்க, என் முறை முடியல" என்றார். உட்கார்ந்தேன். இதோ வருகிறது, கடிதம்.

"என் மேல ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கு. அன்னைக்கு நான் அணைக்கல. உங்க ஆளுங்க மேடை விளக்கு அத்தனைக்கும் தெருக் கம்பியில கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்திருந்தாங்க. பாரம் தாங்காம லைன் தானா அணைஞ்சுபோச்சு. ஓடி ஓடி இருபத்திரண்டு நிமிஷத்துல திரும்பப் போட்டேன். லைன் எப்ப, ஏன் அணைஞ்சுதுன்னு பதியற கருவி ரிப்பேர், அதனால சாட்சி கிடையாது. அது பெரிசில்ல. கடிதத்தை என்கிட்ட காட்டினாங்க. எழுதினது யாருன்னு பார்த்ததும் தெரிஞ்சு போச்சு."

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யோசித்தேன்.

"என் தங்கச்சி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அவ அளவு நோட்டுத் தாள். அந்த நோட்டை வாங்கிக் கொடுத்ததே நான்தான். உள்ள இருக்கிற பேச்சு, நான் அவகிட்ட மட்டும் சமையலறையில சொன்னது. நீங்க அப்பத் தூங்கிட்டு இருந்தீங்க. கோபத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதைப் போய் எழுதிட்டா. உங்க கட்சி தோத்த ஆத்திரம், உங்க மேல உள்ள பாசம், எழுதிட்டா. போனை எடுத்தா ஏன் எழுதினேன்னு கேட்டுடுவேன். கேட்டா அவ தாங்க மாட்டா. அதான் எடுக்கல. உங்ககிட்டயும் வாய் தவறி வந்துடும்னு ஒதுங்கியே இருந்தேன். சட்டையைப் பார்க்கக்கூட முடியல. நேத்து உங்களுக்குச் சரி சொல்லும்போதுகூட அவ போன் அடிச்சுட்டே இருந்துச்சு, அதான் லேட்டாயிடுச்சு."

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"நான் அணைக்கலன்னு பதில் கொடுத்தா, பொய்க் கடிதம் போட்டது யாருன்னு தேடுவாங்க. தேடினா அவதான் மாட்டுவா, கேஸாகும். அதனால நான்தான் அணைச்சேன்னு எழுதி வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்குக் கொடுத்துடுவேன். வேலை போனா காரணம் தெரிஞ்சு அவ உடைஞ்சு போவா. அப்ப நீங்க அவளை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. இதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன். திருப்பிச் சொல்லுங்க."

மூன்று வாரமாக நான் அவரைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நினைப்பில் நான் எங்குமே இல்லை.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது. அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டால் போதும். அவர் 'சரி' என்பார், விதிப்படி எல்லாம் முடிந்துவிடும். எழுதியவன் நான் என்று யாருக்கும் தெரியாது. அவரே மன்னித்துவிட்டார், அதுவும் எழுதாத ஒருத்தியை. எனக்குச் செலவே இல்லை.

"உன் லைன் தானா அணைஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்தேன். "கடிதம் வந்துச்சு. அதை எழுதினது..." அங்கே நின்றுவிட்டேன். அவள் என்று சொல்ல வேண்டும். ஆணியில் தொங்கும் சட்டையைப் பார்த்துக்கொண்டு, நான் என்ன தப்பு பண்ணேன் என்று கேட்டவளை, என் வாயால் சொல்ல வேண்டும்.

"எழுதினது..." என்று அவர் எடுத்துக் கொடுத்தார்.

"நான்" என்றேன். "நான் தூங்கல மச்சான். போர்வைக்குள்ள முழிச்சுட்டு இருந்தேன். அவ நோட்டுலேருந்து தாளைக் கிழிச்சேன். இடது கையால எழுதினேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ ஏன் பேசலன்னு அழுதுட்டு இருக்கா."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என் முகத்தைப் பார்த்தார்.

"திருப்பிச் சொல்லணுமா?" என்றார்.

"விதி அதுதான்."

"நீ தூங்கல." 'நீங்க' போய்விட்டிருந்தது. "நீ கிழிச்ச. நீ எழுதின. என் தங்கச்சி எழுதல." அந்தக் கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. மறுபடியும் சொன்னார். "என் தங்கச்சி எழுதல. சரியா?"

"சரி."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வேலை தப்பியது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் துரோகம்கூட அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியவில்லை. தங்கை எழுதவில்லை. அது ஒன்றே போதும் என்று அழுதார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் இந்த ஆளின் குரலை நம்பிக் கம்பியைத் தொட்டிருக்கிறேன், இவர் யார் என்று பார்க்கவே இல்லை.

பிறகு போனை எடுத்து எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.

"அண்ணன்தாம்மா பேசறேன்." அந்தப் பக்கம் ஒரே பேச்சு, அழுகை, திட்டு. எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். "தப்பு என் மேல. உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்... ஏன்னு கேக்கறியா?" என்று என்னைப் பார்த்தார். போனை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார். 'அண்ணா, அண்ணா' என்று அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எடுத்தேன். சொன்னேன். குறைக்காமல் சொன்னேன்.

அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"போனை அண்ணன்கிட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேச ஆரம்பித்தார். "சாப்பிட்டியா... சட்டை அங்கேயே இருக்கட்டும், நான் வந்து போட்டுப் பார்க்கறேன்... அவனை அப்புறம் பார்த்துக்கலாம்." அந்த 'அவன்' நான்தான். மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குள் வேறொரு பதில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை எழுத வேண்டியவன் நான். எழுந்து கதவைத் திறந்தேன். இன்ஜினியரம்மா திரும்பிப் பார்த்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மேடம்" என்றேன்.

பின்னாலிருந்து மச்சான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இரு, நானும் வரேன்" என்றார்.

எனக்குத் துணையாக வருகிறாரா, நான் ஒன்றையும் விடாமல் சொல்கிறேனா என்று பார்க்க வருகிறாரா? அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். எதுவானாலும் நியாயம் அவர் பக்கம். வாசலிலேயே நின்றேன். அவர் தங்கையோடு பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.